எந்தப் பாலம் வழியாக

வாஷிங்டன்
ஆகஸ்ட் 12, செவ்வாய்

லோனிக்கு,

நீ போனை எடுக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன். அம்மா போன பிறகு நான் யாருக்கும் கையால் கடிதம் எழுதியதில்லை. எழுத்து புரியாவிட்டால் கிளாரிஸாவிடம் கொடுத்துப் படித்துக்கொள். உன் மனைவிக்காவது என்னோடு சண்டை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்டு உடைக்கும் சுத்தியலை நான் மேசையில் ஓங்கி அடித்தது தப்புதான். கண்ணாடிக் கிண்ணம் போனதும் தப்புதான். ஆனால் நீ சொன்னதை யோசித்துப் பார். "வரட்டுமே அக்கா, மத்திய அரசு வந்து போலீஸை எடுத்துக்கட்டுமே, நம்மாளுங்க கிழிச்சது போதும்"னு வாயில் நண்டை வைத்துக்கொண்டு சொல்கிறாய். மறுநாள் மதியம் ஜனாதிபதி டிவியில் உட்கார்ந்து, இந்த ஊர்ப் போலீஸ் இன்று முதல் என் கையில் என்கிறார். அப்போது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உனக்கென்ன, நீ நகர எல்லையைத் தாண்டி மேரிலாந்தில் வீடு வாங்கிவிட்டாய். உனக்கு ரெண்டு செனட்டர். எங்கள் ஊர் எந்த மாநிலத்திலும் சேராததால் எனக்கு பூஜ்யம். எங்களுக்கு இருப்பதெல்லாம் ஒரு மேயர், அந்த மேயருக்குக் கீழே ஒரு போலீஸ். அதற்காக அப்பா எத்தனை ஊர்வலத்தில் செருப்புத் தேய நடந்தார் என்று உனக்கும் தெரியும்.

வியாழக்கிழமை சர்ச் நிலவறையில் கூட்டம். நான் இந்தப் பேட்டைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் என்பதால் நான்தான் எதிர்த்துப் பேச வேண்டுமாம். சம்பளம் இல்லாத பதவி, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். பேசத்தான் போகிறேன். ஆனால் யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அதை உன்னிடம் கேட்கிறேன். காலையில் போலீஸ் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனதும் உனக்கு உத்தரவு போடுவது யார்?

வெர்னா


வால்டோர்ஃப், மேரிலாந்து
ஆகஸ்ட் 16, சனி

அக்கா,

கடிதம் கிடைத்தது. போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. வேலை பற்றி யாரும் போனில் பேச வேண்டாம், எதையும் எழுத வேண்டாம் என்று ஸ்டேஷனில் ஒருவருக்கொருவர் காதோடு காதாகச் சொல்லிக்கொள்கிறோம். அப்படி உத்தரவு எதுவும் வரவில்லை. பயம்தான். காகிதம் பரவாயில்லை என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயமாகத் தெரியாது.

நீ கேட்டதற்குப் பதில்: தெரியாது.

வியாழக்கிழமை இரவு, எங்கள் தலைமையதிகாரிக்கு மேலே வேறொருவர் வந்துவிட்டார் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை எங்கள் கேப்டன் ஹாஸ்கெட் ஒரு தாளைப் படித்தார். மாலையில், நகரத் தரப்பு கோர்ட்டுக்குப் போனதால் அது மாறிவிட்டது என்று இன்னொரு தாளைப் படித்தார். இரண்டையும் ஒரே குரலில் படித்தார். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கை தூக்கி, "சார், அப்ப இன்னைக்கு நாம யாரு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. "பெல்ட்டைச் சரியா போட்டுட்டு வெளிய போங்க"ன்னு மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னதை நான் வாபஸ் வாங்கப்போவதில்லை. ஜனவரியில் குட் ஹோப் ரோடு பெட்ரோல் பங்கில் உன் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டி உன் காரைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான் வந்து பார்த்தபோது நடைபாதை ஓரத்தில் ஒரு செருப்போடு உட்கார்ந்திருந்தாய். காப்பிக் கோப்பையை உன்னால் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக் குடிக்க வைத்தேன். அன்றிலிருந்து நீ ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. அந்த வழக்கில் நான் என்ன கண்டுபிடித்தேன்? ஒன்றும் இல்லை. ஏனென்றால் ஆள் இல்லை. ஆறு பேர் பார்க்க வேண்டிய இடத்தை இரண்டு பேர் பார்க்கிறோம். எனக்கு ஆள் வேண்டும் அக்கா. யார் அனுப்பினால் என்ன?

இதையும் உன் கூட்டத்தில் சொன்னாயா?

லோனி


வாஷிங்டன்
ஆகஸ்ட் 18, திங்கள்

லோனிக்கு,

சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. என் வாயிலிருந்து வராததை மிஸ் ஒடெஸ்ஸா ப்ரூயிட் சொல்லிவிட்டாள்.

நிலவறையில் நிற்க இடமில்லை. ஏசி வேலை செய்யவில்லை. நான் மைக்கைப் பிடித்து, நம்ம ஊர், நம்ம ஓட்டு, நம்ம மேயர் என்று நன்றாகத்தான் ஆரம்பித்தேன். கைத்தட்டல்கூட வந்தது. ஒடெஸ்ஸா மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றாள். அவளுடைய மகனை இரண்டு கோடைக்கு முன்னால் சுட்டுக் கொன்றது உனக்குத் தெரியும், நீயே அந்த இடத்தை மறித்துக் கயிறு கட்டினாய்.

"வெர்னா, நீ பேசறது எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. என் பையனைச் சுட்டவன் இன்னும் இதே தெருவுல கோழி இறக்கை வாங்கித் தின்னுட்டுத் திரியறான். எல்லாருக்கும் அவன் பேர் தெரியும், யாரும் சொல்ல மாட்டீங்க. அவனைப் பிடிக்க ராணுவம் வந்தாலும் சரி, சர்க்கஸ் வந்தாலும் சரி, நான் கதவைத் திறந்து விடுவேன்."

அதற்கும் கைத்தட்டல். எனக்குத் தட்டிய அதே கைகள், லோனி. நான் பார்த்தேன். பின்னாலிருந்து ஒருவன், "அவங்க ஒண்ணும் உங்க பையனுக்காக வரல மிஸ் ஒடெஸ்ஸா, நம்மளை அடக்கத்தான் வர்றாங்க"ன்னு கத்தினான். "நீ பெத்துப் பாரு, அப்புறம் பேசு"ன்னு இவள் திருப்பிக் கத்தினாள். "பீச் கேக் இருக்கு, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டேன். நம் வீட்டிலேயே பெரிய பேச்சாளி நான்தான் என்று அப்பா பீற்றிக்கொள்வார். அவர் பார்க்கவில்லை, நல்லது.

ரயில் நிலைய வாசலில் இப்போது பட்டாளத்து ஆட்கள் நிற்கிறார்கள். நேற்று ஒரு பெண் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் கல்லூரிக்குப் போகிற வயசு. நான் முறைத்தேன். "மேடம், இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?"னு கேட்கிறாள். வாய் தவறி நல்ல கடையைச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

ஒரு உதவி. என் பக்கத்து வீட்டு ஒவிடியோவை உனக்குத் தெரியும். எல் சால்வடோர்க்காரன், பெயிண்ட் அடிப்பவன், போன பனிக்காலத்தில் என் கூரையை ஒழுகாமல் செய்து கொடுத்தவன். இங்கே பதினைந்து வருஷமாக இருக்கிறான், தங்குவதற்கான தாள் மட்டும் இல்லை. ரோட்டில் முகமூடி போட்ட குடியேற்றத் துறை ஆட்கள் நம் போலீஸோடு நின்று வண்டிகளை நிறுத்துகிறார்கள் என்று அவன் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டான். சனிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். "மிஸ் வெர்னா, உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, எந்த ரோட்ல போனா நல்லது?" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் மனைவி நோயெமி பின்னால் நின்று என் முகத்தையே பார்க்கிறாள்.

சொல்வாயா?

வெர்னா


ஆகஸ்ட் 21, வியாழன்

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. வேலைக்குப் போகிற வழியில் உன் பெட்டியில் போடுகிறேன். நீ சமையலறையில் ரேடியோ வைத்திருப்பது கேட்கிறது. உள்ளே வரவில்லை.

நீ கேட்பது என்ன என்று உனக்குத் தெரிகிறதா? போலீஸ் எங்கே நிற்கும் என்று போலீஸ்காரனே வெளியில் சொல்வதா? இருபத்தாறு வருஷத்தில் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கூட்டத்தில் எங்களை எதிர்த்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடமே வழி கேட்கிறாய்.

எனக்கு உன்மேல் மட்டும் கோபம் இல்லை. இந்த ஊரில் நாங்கள் யாரிடமும் குடியுரிமைத் தாள் கேட்டதில்லை. சால்வடோர்க்காரன் வீட்டில் திருடு போனால் அவன் பயப்படாமல் எங்களைக் கூப்பிட வேண்டும், அதற்காகத்தான் அந்த வழக்கம். இப்போது அந்த முகமூடிக்காரர்களுக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு ஒத்துழைப்பு? காலையில் ஒருவர் ஒரு அளவு சொல்கிறார், மாலையில் இன்னொருவர் வேறு அளவு சொல்கிறார். நான் வண்டியை நிறுத்துகிறேன். எனக்குப் பின்னால் நிற்பவன் கதவைத் திறக்கிறான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. முகத்தையும் பார்த்ததில்லை.

அதனால் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை மாலை எனக்கு பென்சில்வேனியா அவென்யூ பாலத்தடியில் வேலை. வண்டிகளை நிறுத்திப் பார்க்கிற வேலை. நான் முன்வரிசையில் நிற்பேன். இதற்கு மேல் எழுத மாட்டேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

லோனி


வாஷிங்டன்
ஆகஸ்ட் 24, ஞாயிறு

லோனிக்கு,

ஒவிடியோவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பதினோராம் தெருப் பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். வேலை முடித்து வீடு திரும்பும் நேரம். ஒரே ஒரு தடவை நோயெமிக்கு போன் வந்தது, அவன் "வண்டி இங்கயே நிக்குது, வண்டியை எடுத்துக்க"ன்னு சொல்லும்போதே அணைந்துவிட்டது. அவள் என் கதவைத் தட்டினாள். அழவில்லை. மாவு ஒட்டின கையோடு நின்றாள். "போலீஸ் அந்தப் பாலத்துல இல்லைன்னு சொன்னீங்களே"ன்னு கேட்டாள்.

நான்தான் சொன்னேன். நீ எழுதியதைப் படித்துவிட்டு, பென்சில்வேனியா அவென்யூ பக்கம் தலைவைத்துப் படுக்காதே, பதினோராம் தெரு வழியாகப் போ, அதே வழியாகத் திரும்பு என்று நான்தான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். பெரிய மனுஷி மாதிரி. உளவுக்காரி மாதிரி. அவன் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்று கேட்கிறேன், பொய் சொல்லாதே. அந்தப் பாலத்திலும் ஆட்கள் நிற்பார்கள் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தும் ஒரு பாலத்தை மட்டும் எழுதினாயா? வழி கேட்டதற்கு எனக்குப் பாடம் கற்பிக்கவா?

அப்படி இருக்காது என்று பாதி மனசு சொல்கிறது. மீதிப் பாதி உன் யூனிஃபார்மை நினைக்கிறது.

வெர்னா


வால்டோர்ஃப்
ஆகஸ்ட் 27, புதன்

அக்கா,

உன் கடிதத்தைக் காரிலேயே உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குள் போக முடியவில்லை. கிளாரிஸா ஜன்னலிலிருந்து கையாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் எழுதியதை நீ தலைகீழாகப் படித்துவிட்டாய்.

பென்சில்வேனியா அவென்யூவில் நான் நிற்கிறேன், அங்கே வராதே என்று நான் எழுதவில்லை. நான் அங்கே நிற்கிறேன், அங்கே வரச் சொல் என்று எழுதினேன். முன்வரிசை என்று எழுதினேனே. முன்னால் நிற்பவன்தான் கண்ணாடியை இறக்கச் சொல்வான். பின்னால் நிற்பவர்களுக்கு அனுப்புவதா, போ என்று விடுவதா என்பது அவன் கையில்தான். ஒவிடியோ வந்தால் கையைக் காட்டிப் போகச் சொல்லியிருப்பேன்.

மாலை முழுக்க அவனைத்தான் தேடினேன். வெள்ளை டிரக், மேலே ஏணி. ஏணி வைத்த ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்த்தேன். ஒரு கூரைக்காரர் வந்தார். கேபிள் போடுகிறவன் ஒருவன் வந்தான். தாளைக்கூடப் பார்க்காமல், "போங்க, போங்க" என்று விரட்டினேன். பின்னாலிருந்து ஒரு முகமூடி, "என்ன சார்ஜென்ட், ஏணின்னா உங்களுக்கு அவ்ளோ பிடிக்குமா?"ன்னு கிண்டல் பண்ணினான். நான் சிரித்தேன். ஒவிடியோ வரவேயில்லை. வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது, நல்லது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

இன்னொரு பாலத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாது. அது அவர்களே முடிவு பண்ணி நின்றது.

அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நேற்று விசாரித்தேன். அவர்கள் ஆபீஸில் மேசையில் இருந்தவனுக்கு என் மகள் வயசு இருக்கும். "உங்களுக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் சார்ஜென்ட்"னு மரியாதையாகத்தான் சொன்னான். என் ஊர்ப் பாலத்தடியில் ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள், அது எனக்குச் சம்பந்தம் இல்லையாம். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சரி என்று சொன்னேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ பொய் சொல்லாதே என்றதால் இதையும் எழுதுகிறேன். அதே மாலை அதே பாலத்தில் ஒரு காரின் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு துப்பாக்கிகள் எடுத்தோம். முகமூடிக்காரர்கள் இல்லாமல் அந்த வண்டியை நான் நிறுத்தியிருக்க முடியாது, அவ்வளவு ஆள் எங்களிடம் இல்லை. அந்தத் துப்பாக்கிகளைப் பையில் போட்டு முத்திரை வைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையான சந்தோஷம். அதை இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

லோனி


வாஷிங்டன்
செப்டம்பர் 1, திங்கள்

லோனிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை உன்னைத் திட்டினேன்: தெளிவாக எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா? இரண்டாவது தடவை என்னைத் திட்டினேன். அதற்கப்புறம் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. நீ காப்பாற்ற நினைத்தாய், நானும் காப்பாற்ற நினைத்தேன். ரெண்டு பேருமாகச் சேர்ந்து அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டோம்.

நோயெமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பாலம், என் பாலம், நான் மாற்றிப் படித்தது. அவள் கேட்டுக்கொண்டே பாத்திரத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் கேட்டாள், "மிஸ் வெர்னா, நீங்க வண்டி ஓட்டுவீங்கதானே?"

"ஓட்டுவேனே"ன்னு சொல்லிவிட்டேன். ஜனவரியிலிருந்து நான் ஓட்டவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு உரிமம் இல்லை. டிரக் அங்கே நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம்.

டிரக் பாலத்துக்கு முன்னால் ஓரமாக நின்றது. கதவுகூடப் பூட்டவில்லை. அவனுடைய சாப்பாட்டுப் பெட்டி சீட்டிலேயே இருந்தது, வெயிலில் கெட்டு நாறியது. நோயெமி அதை மடியில் வைத்துக்கொண்டாள். தூக்கிப் போடவில்லை. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். சாவியைத் திருப்பினேன். அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். பாலத்தின் நடுவில் பின்னாலிருந்து எவனோ ஹாரன் அடித்தான், நான் பிரேக்கை மிதித்தேன், பின்பக்கம் பெயிண்ட் டப்பா ஒன்று கவிழ்ந்து மஞ்சள் நிறமாக ஓடியது. யாரோ ஒருவருடைய குழந்தையின் அறைக்கு வாங்கின மஞ்சளாம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் அழுதாள். பாலம் முடிகிற இடத்தில் நின்ற பட்டாளத்துக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் அசைத்துவிட்டேன் லோனி. ஏன் என்று கேட்காதே.

சர்ச் வக்கீல் கண்டுபிடித்துவிட்டார். ஒவிடியோ வர்ஜீனியாவில் ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான்.

சனிக்கிழமை பெரிய ஊர்வலம். கிளம்புவதற்கு முன்னால் பூங்காவில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒருவர் பேச வேண்டும். என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நிலவறையில் உளறியதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. வர மாட்டேன் என்று சொல்ல நினைத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன பேசப்போகிறேன் என்று தெரியவில்லை.

வெர்னா


வால்டோர்ஃப்
செப்டம்பர் 3, புதன்

அக்கா,

சனிக்கிழமை எனக்கும் அங்கேதான் வேலை. ஊர்வலத்துக்குப் போக்குவரத்தை நிறுத்திக் கொடுக்கிற வேலை. இதை எழுதுவதில் தப்பில்லை, பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள். இந்தத் தடவை தெளிவாக எழுதுகிறேன்: பதினாறாம் தெருவில் பூங்காவுக்கு எதிரே நிற்பேன். அங்கே வரலாம். வா என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி ஓட்டினாயாமே. கிளாரிஸாவிடம் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

லோனி


வாஷிங்டன்
செப்டம்பர் 7, ஞாயிறு

லோனிக்கு,

நீ நின்றதைப் பார்த்தேன். வெயிலில் கறுத்து, உப்பிப்போய், குழாயடியில் நிற்கிற ஆள் மாதிரி வேர்த்துக்கொண்டு நின்றாய். நான் கையசைத்தேன், நீ பஸ்ஸை வேறு தெருவுக்குத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தாய். நான் பேசியது உனக்குக் கேட்டிருக்காது, அதனால் எழுதுகிறேன்.

தாளில் எழுதிக்கொண்டு போனதைப் படிக்கவில்லை. பெட்ரோல் பங்கில் என் முகத்துக்கு நேரே துப்பாக்கி நீட்டியதைச் சொன்னேன். இவள் எந்தக் கட்சி என்று கூட்டத்தில் பார்த்தார்கள். இந்த ஊரில் பயம் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை என்றேன். அப்புறம் ஒவிடியோவைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, என் தம்பி போலீஸில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். யாரோ ஊளையிட்டார்கள். "வாயை மூடு, அவன் என் தம்பி"ன்னு மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் வந்தது நான் யோசித்து வைத்தது இல்லை. அப்படியே எழுதுகிறேன்: "என் தம்பி தப்புப் பண்ணினா எனக்குத் திட்டத் தெரியும். அவனோட கேப்டன் தப்புப் பண்ணினா கூட்டத்துக்கு வரவெச்சுக் கேக்கத் தெரியும். மேயர் தப்புப் பண்ணினா அடுத்த தடவை ஓட்டுப் போடாம விடத் தெரியும். முகமூடி போட்டு நிக்கறவனை நான் யார்கிட்டப் போய்த் திட்டறது? அவன் வீடு எங்க இருக்கு? அவனோட அக்கா யாரு?"

கைத்தட்டினார்கள். நான் மைக்கை வைத்தேன். யாரோ நாற்காலி போட்டார்கள்.

ஒடெஸ்ஸாவும் வந்திருந்தாள் தெரியுமா? மகன் படத்தை அட்டையில் ஒட்டித் தூக்கிக்கொண்டு, "வெளியே போ, வெளியே போ" என்று கத்துகிறவர்கள் நடுவில் வாயைத் திறக்காமல் நடந்தாள். "மனசு மாறிட்டியா?" என்றேன். "மாறவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் உன் பக்கமும் கிடையாது, அவங்க பக்கமும் கிடையாது. இவ்ளோ பேர் ஒரே இடத்துல கூடறாங்க, என் பையன் முகத்தை நாலு பேர் பாக்கட்டும்"ன்னா. அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

கெட்ட செய்தி. ஒவிடியோ ஊருக்குத் திரும்பிப் போகக் கையெழுத்துப் போட்டுவிட்டான். வக்கீல் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். அங்கே தூங்கவே முடியவில்லை, எப்போதும் விளக்கு எரிகிறது என்றானாம். நோயெமி வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பின்னாலேயே போகப்போகிறாள். நேற்று அவன் போனில் என்னைக் கூப்பிட்டுப் பேசினான். "எந்தப் பாலத்துல வந்திருந்தாலும் என்னைக்காவது ஒரு நாள் இது நடந்திருக்கும் மிஸ் வெர்னா"ன்னான். எனக்கு ஆறுதலாகச் சொன்னானா, நிஜமாகவே அப்படி நினைக்கிறானா, தெரியவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. கூரையில் சிம்னிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

ஜனாதிபதி நம் போலீஸை வைத்துக்கொள்ளலாம் என்ற முப்பது நாள் கெடு புதன்கிழமையோடு முடிகிறது என்கிறார்கள். அப்புறம் என்ன ஆகும்?

வெர்னா


வால்டோர்ஃப்
செப்டம்பர் 11, வியாழன்

அக்கா,

கெடு நேற்று முடிந்துவிட்டது. இன்று காலை கேப்டன் ஹாஸ்கெட், "இன்னையிலேருந்து நாம மறுபடி நாமதான்" என்று சொன்னார். ஒரே ஒருத்தி கை தட்டினாள், அந்தப் புதுப்பெண். யாரும் சேர்ந்து தட்டாததால் நிறுத்திவிட்டாள்.

வெளியே வந்தேன். அதே வண்டிகள் நின்றன, அதே முகமூடிகளும். கெடு முடிந்தது எங்கள் தலைமைக்குத்தானாம், அவர்கள் ஊரில் இருப்பதற்கு இல்லையாம். பட்டாளமும் போகவில்லை. ஏணி என்று கிண்டல் பண்ணினவன் காப்பியோடு சாய்ந்து நின்றான். குரலை வைத்துத்தான் அவனை அடையாளம் தெரிகிறது. "குட் மார்னிங் சார்ஜென்ட். இன்னைக்கு எங்க போறோம்?" என்றான், போன மாதம் முழுக்கக் கேட்ட மாதிரியே.

திறந்த வண்டிக் கதவை நான் சாத்தினேன். "நீங்க எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் குட் ஹோப் ரோட்டுக்குப் போறேன், நடந்து போறேன்" என்றேன். "தனியாவா?" என்றான். "தனியா" என்றேன். வீரம் ஒன்றும் இல்லை. அந்த வண்டியில் ஏற முடியவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் அந்தப் புதுப்பெண். அவளை நான் கூப்பிடவில்லை.

நாளைக் காலை லெப்டினன்ட் என்னைப் பார்க்க வேண்டுமாம். வண்டியை விட்டுவிட்டு நடந்தது ஏன் என்று கேட்பார். ஓய்வு பெறச் சொல்லலாம். கிளாரிஸா, சொன்னால் வாங்கிக்கொண்டு வா என்கிறாள். போன மாதம் அந்தப் பாலத்தில் கிடைத்த துப்பாக்கிகளில் ஒன்று, ஒடெஸ்ஸாவின் மகன் வழக்கோடு பொருந்துகிறதா என்று இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பொருந்தினால் நான் அந்த முகமூடிக்காரனுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும். சொல்வேன். அதற்காக அவனோடு வண்டியில் ஏறுவேனா என்றால், தெரியவில்லை.

குட் ஹோப் ரோட்டில் சலவைக் கடைக்கு வெளியே மிஸ்டர் யூஸ்டஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியும் கண் நன்றாகத் தெரிகிறது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா, நீ எந்தப் போலீஸ்? அவங்க ஆளா, நம்ம ஆளா?"

காலையில் கேப்டன் சொன்னதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

"லோனி கேஸ்கின்ஸ்" என்றேன். "வெர்னாவோட தம்பி."

"அட, வெர்னா தம்பியா நீ? அப்ப நில்லு, போகாதே. உன்கிட்ட மூணு புகார் இருக்கு."

ராத்திரியில் நடைபாதை மேலேயே மோட்டார் பைக் ஓட்டுகிறார்களாம். சந்துக்குள் விளக்கு எரியவில்லையாம். மூன்றாவது புகார் உன்மேல். உன் தெருவில் நீ போட வைத்த வேகத்தடை அவர் காரின் அடிவயிற்றைக் கிழிக்கிறதாம். "அதை அவகிட்டயே சொல்லுங்களேன்" என்றேன். "சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன், அவ கேக்கற ஆளா? நீ எழுதிக்க."

எழுதிக்கொண்டேன் அக்கா.

லோனி